180 டாலருக்கு வாங்கின சிகார் பாக்ஸ் கிட்டார் அபஸ்வரமா பேசுது, நான் ஏமாந்துட்டேனா?

உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். மூணு கேள்வி கேட்டிருக்கீங்க, உள்ள ஓடறது ஒண்ணுதான்னு தோணுது. மிசிசிப்பி பக்கம் டூர் போனப்போ ரோட்டோர சந்தையில பையனுக்காக காலி சுருட்டுப் பெட்டியை உடம்பா வெச்சு செஞ்ச 3 கம்பி சிகார் பாக்ஸ் கிட்டார் ஒண்ணு 180 டாலர் குடுத்து வாங்கிருக்கீங்க, வித்தவர் வாசிச்சுக் காட்டினப்போ உடம்பு சிலிர்த்துச்சு, வீட்டுக்கு வந்து பையன் விரல் வெச்சு அழுத்தினா மேல போகப் போக ஸ்ருதி ஏறிக்கிட்டே போகுது, ஒரு இடத்துல கொர்ருனு அடிக்குது, ஆம்ப்ல (சத்தத்தைப் பெருக்கற ஆம்ப்ளிஃபயர்ல) மாட்டினா உறுமுது. வித்தவர்கிட்ட போன்ல கேட்டா "கையால செஞ்சது, அதோட குணமே அதுதான்"னு சொல்லிட்டாரு. இப்ப நீங்க கேக்கறது ஏமாந்தேனா, சரி பண்ணலாமா, அடுத்த தடவை எதைப் பார்த்து வாங்கணும்னு. சுருக்கமா சொன்னா குணம் எது குறை எதுன்னு பிரிச்சுக் காட்டச் சொல்றீங்க.

நான் டென்னசி மாநிலத்து மெம்பிஸ்ல 14 வருஷமா இருக்கேன், பொழப்பு கம்ப்யூட்டர்தான், ஆனா வந்த புதுசுல ஒரு வயசான ரிப்பேர்காரர்கிட்ட மூணு வருஷம் சனி ஞாயிறு போய் உக்காந்து கத்துக்கிட்டேன், இப்ப கராஜ்ல ஒரு மேஜை போட்டு அக்கம்பக்கத்துல வர்ற கிட்டாரையெல்லாம் பார்க்கறேன். நானே செஞ்சது முப்பது சொச்சம் இருக்கும், அதுல முதல் அஞ்சை யார் கண்லயும் காட்ட மாட்டேன். நீங்க போட்டோ ரெண்டு போட்டிருக்கீங்க, அதை வெச்சு பெட்டி என்ன, பிரிட்ஜ் (பெட்டி மேல கம்பியைத் தாங்கற கட்டை) எப்படி நிக்குது இதெல்லாம் சொல்லிடலாம். நெக் (கழுத்து மாதிரி நீளக் கட்டை) முறுக்கிக்கிட்டிருக்கா, ஃப்ரெட் (நெக் மேல குறுக்க பதிச்ச உலோக மெட்டு, தலைப்பக்கத்துல இருந்து எண்ணணும்) ஏதாவது எழும்பியிருக்கா, இதெல்லாம் போட்டோவுல தெரியாது, கையில எடுத்துத்தான் பார்க்கணும். அதனால எது உறுதி எது ஊகம்னு அங்கங்க சொல்லிட்டே போறேன்.

முதல்ல அவர் வாசிச்சப்போ ஏன் நல்லா இருந்துச்சு, அதை முடிச்சிடுவோம். நீங்களே எழுதியிருக்கீங்க, "விரல்ல ஒரு கண்ணாடிக் குழாய் மாட்டிக்கிட்டு வாசிச்சாரு"ன்னு. அதுதான் ஸ்லைடு. நம்ம ஊர் சித்திரவீணையில மரக்கட்டையை கம்பி மேல உருட்டி வாசிக்கறாங்களே, அதே வேலைதான். ஸ்லைடு கம்பி மேலதான் நிக்கும், ஃப்ரெட்டைத் தொடாது. ஃப்ரெட் ஒவ்வொண்ணும் ஆளுக்கொரு பக்கம் இருந்தாலும் கை பழகினவர் காதை வெச்சே ஸ்ருதியைப் பிடிச்சுடுவாரு. அவர் ஏமாத்தணும்னு வாசிச்சார்னு நான் சொல்ல மாட்டேன், இங்க பாதிப் பேர் ஸ்லைடுலதான் வாசிக்கறாங்க, 2012 டிசம்பர்ல நியூயார்க்ல சாண்டி புயல் நிவாரணக் கச்சேரியில பீட்டில்ஸ் குழுவுல இருந்த பால் மெக்கார்ட்னி சிகார் பாக்ஸ் கிட்டாரைத் தூக்கிட்டு வந்தப்போ அவரும் ஸ்லைடுதான் போட்டாரு. ஆனா ஃப்ரெட் அடிச்ச கிட்டாரை விக்கறப்போ ஃப்ரெட்டை அழுத்தி வாசிச்சுக் காட்டணும். அடுத்த தடவை நீங்க கேக்க வேண்டியது அது ஒண்ணுதான்: "ஸ்லைடைக் கழட்டிட்டு 12-வது ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொண்ணா அழுத்தி வாசிங்க." மூஞ்சி மாறுச்சுன்னா நடையைக் கட்டுங்க.

"பழைய ப்ளூஸ்காரங்க வாசிச்ச அதே வடிவம்"னு அவர் சொன்னதைப் பத்தியும் ஒரு வார்த்தை (ப்ளூஸ்னா இங்க கறுப்பினத்தவர்கிட்ட பிறந்த பாட்டு வகை). கதை பாதி உண்மை. 1860-கள்ல இங்க உள்நாட்டுப் போர் சமயத்துல சிகாருக்கு வரி போட்டு, இத்தனை எண்ணிக்கை அடங்கின பெட்டியில முத்திரை ஒட்டித்தான் விக்கணும்னு சட்டம் கொண்டுவந்தாங்க, ஒரு தடவை உபயோகிச்ச பெட்டியில மறுபடி சிகார் போட்டு விக்கவும் கூடாது. அதனால ஊரெல்லாம் காலிப் பெட்டி, நல்ல மெல்லிசு மரம், சும்மா கிடைச்சுது. எட்வின் ஃபோர்ப்ஸ்னு போர்க்களத்துல இருந்து படம் வரைஞ்ச ஓவியர் 1876-ல வெளியிட்ட ஒரு செதுக்குப் படத்துல சிப்பாய் ஒருத்தர் சிகார் பெட்டியில செஞ்ச ஃபிடில் (வயலின்) வாசிக்கறாரு, பெட்டி மேல 'ஃபிகரோ'ன்னு பிராண்ட் பேர் கூட தெரியும். அப்புறம் ஏழைக் குடும்பங்கள்ல அப்பாமார் பிள்ளைக்கு செஞ்சு குடுத்தது நிறைய, இதே டென்னசியில பிறந்த பாடகர் கார்ல் பெர்கின்ஸுக்கு அவங்க அப்பா சிகார் பெட்டியும் துடைப்பக்கட்டையும் வெச்சு செஞ்சு குடுத்ததுதான் முதல் கிட்டார். ஆனா நீங்க வாங்கின மாதிரி 3 கம்பி, கணக்காப் போட்ட ஃப்ரெட், பக்கத்துல ஆம்ப் ஒயர் சொருகற ஜாக், இந்த அச்சு 1990-கள்ல கிளம்பின புது அலைக்கு அப்புறம்தான் பரவுச்சு. அதனால "பாரம்பரியம்"னு சொல்லி விலையில 50 டாலர் ஏத்தினா அது பெட்டிக்குள்ள இருக்கற காத்துக்கு குடுக்கற காசு.

சரி, குணம் குறை. என் அனுபவத்துல இந்த வாத்தியத்தை எடை போடறப்போ எல்லாரும் பெட்டியைப் பார்க்கறாங்க, பார்க்க வேண்டியது நெக்கை. பெட்டியில வர்ற குறை பத்துல ஒன்பதை ஒரு சாயங்காலம் உக்காந்தா சரி பண்ணிடலாம். நெக்குல, அதுலயும் ஃப்ரெட் வெட்டின இடத்துல தப்பு இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம வீணையில கட்டை மேல மெழுகு வெச்சு அதுல மெட்டுக்களைப் பதிக்கறாங்க, தப்பா இருந்தா மெழுகை இளக்கி நகர்த்திக்கலாம். இங்க ரம்பத்தால மரத்துல வெட்டி ஃப்ரெட்டை அடிச்சு இறக்கிடறாங்க, அரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டிட்டா அது அங்கேயேதான் இருக்கும்.

அதனால முதல்ல டேப் எடுத்து அளங்க. கம்பி நெக்கோட தலைப்பக்கம் எதுமேல உக்காருதோ அது நட், உங்களுதுல ஒரு மரை போட்ட போல்ட்டைப் படுக்கவெச்சிருக்காங்க, அது தப்பில்ல, வழக்கம்தான். நட்ல இருந்து 12-வது ஃப்ரெட்டோட நடு முதுகு வரைக்கும் அளந்து அதை ரெண்டால பெருக்குங்க, அதுதான் உங்க கிட்டாரோட ஸ்கேல், அதாவது நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி இருக்க வேண்டிய நீளம். பெரும்பாலும் 25 இன்ச் இல்ல 25.5 இன்ச் வரும். 25 இன்ச்னா மில்லிமீட்டர்ல 635, 12-வது ஃப்ரெட் 317.5-ல இருக்கணும். அதே நட்ல இருந்து 5-வது ஃப்ரெட் ஸ்கேல்ல கால்வாசிக்கு மயிரிழை மேல, அதாவது 159.3, 7-வது ஃப்ரெட் மூணுல ஒரு பங்குக்கு மயிரிழை கீழ, 211.2. இந்த மூணும் கால், அரை மில்லிமீட்டர் முன்னப்பின்ன சரியா இருந்தா வெட்டினவர் கை சுத்தம்னு நம்பலாம். ஒண்ணு சரியா இருந்து இன்னொண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தா ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தின ஃப்ரெட்ல இருந்து அளந்திருக்காருன்னு அர்த்தம், நட்ல இருந்து அளக்கல, தப்பு மேல தப்பு சேர்ந்துக்கிட்டே போயிருக்கும். அது தேறாது, அப்படி இருந்தா திருப்பிக் கேளுங்க.

இதுல ஒரு வேடிக்கையான கேஸ் சொல்றேன். போன வருஷம் ஒருத்தர் எடுத்துட்டு வந்தாரு, 12-வது ஃப்ரெட்ல அழுத்தினா கிட்டத்தட்ட அரை ஃப்ரெட் அளவுக்கு ஸ்ருதி இறங்கியிருக்கு. மூணு பேர் பார்த்துட்டு குப்பைன்னு சொல்லிட்டாங்களாம். அளந்து பார்த்தா நட்ல இருந்து 12-வது ஃப்ரெட் 308, பிரிட்ஜ் 635-ல நிக்குது. 5, 7 எல்லாத்தையும் கணக்கு போட்டா எல்லாமே ஒரே விகிதத்துல சுருங்கியிருக்கு, 97 சதவீதம். அப்பதான் புரிஞ்சுது, செஞ்சவர் ஃப்ரெட் வரைபடத்தை இன்டர்நெட்ல இருந்து எடுத்து பிரிண்ட் போட்டிருக்காரு, பிரிண்டர் "பேப்பருக்குள்ள அடங்கற மாதிரி" சுருக்கிடுச்சு, அவர் கவனிக்கல. எல்லாமே சமமா சுருங்கினா அது தப்பே இல்ல, சின்ன ஸ்கேல், அவ்வளவுதான். பிரிட்ஜை 19 மில்லிமீட்டர் முன்னாடி தள்ளி 616-ல வெச்சேன், கணீர்னு பேசுச்சு. அஞ்சு நிமிஷ வேலை, அவர்கிட்ட காசு வாங்க மனசு வரல, வாங்கிட்டேன்.

உங்க விஷயத்துக்கு வருவோம். "மேல போகப் போக ஸ்ருதி ஏறுது"ன்னு எழுதியிருக்கீங்க, இது எனக்கு நல்ல செய்தி மாதிரி படுது. அபஸ்வரத்துல மூணு ஜாதி உண்டு. முதல் ரெண்டு மூணு ஃப்ரெட்ல மட்டும் ஏறி, மேல போனா சரியாயிடுச்சுன்னா நட் உசரம் அதிகம். மேல போகப் போக சீரா ஏறுச்சுன்னா பிரிட்ஜ் நட்டுக்கு ரொம்ப கிட்ட இருக்கு. ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு, ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குதுன்னு தாறுமாறா இருந்தாத்தான் வெட்டினதுலயே கோளாறு. உங்களுது ரெண்டாவது ஜாதி. போட்டோவுல பிரிட்ஜ் ஒட்டாம கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குதுன்னு தெரியுது, கீழ பெட்டி மேல பழைய இடத்தோட தடம் லேசா தெரியற மாதிரியும் இருக்கு. கார் டிக்கியில மிசிசிப்பில இருந்து வந்தப்போ நகர்ந்திருக்கும்னு ஊகிக்கறேன், ஊகம்தான்.

சரி பண்றது இப்படி. ட்யூனரை வெச்சு திறந்த கம்பியை ஸ்ருதி சேருங்க, போன்ல இருக்கற ஆப் போதும். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேல கம்பியை அழுத்தாம விரலை பூப்போல வெச்சு மீட்டின உடனே எடுத்துடுங்க, மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அடுத்து அதே இடத்துல ஒழுங்கா அழுத்தி மீட்டுங்க. ரெண்டும் ஒரே ஸ்ருதியா இருக்கணும். அழுத்தினது ஏறியிருந்தா பிரிட்ஜை வால் பக்கமா ஒரு மில்லிமீட்டர் தள்ளுங்க, இறங்கியிருந்தா நட் பக்கமா. ஒவ்வொரு தடவையும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திட்டுத் தள்ளணும், இல்லன்னா பெட்டி மேல கீறல் விழும், மறுபடி ஸ்ருதி சேர்த்துட்டுப் பார்க்கணும், பொறுமை வேணும். தடிமன் கம்பி பக்கம் பிரிட்ஜ் ரெண்டு மூணு மில்லிமீட்டர் பின்னாடி சாஞ்சு நிக்கும், அப்படித்தான் நிக்கணும், கோணலா இருக்கேன்னு நேராக்கிடாதீங்க. சரியான இடம் கிடைச்சதும் பென்சிலால ரெண்டு பக்கமும் கோடு போட்டுடுங்க. பையன் முரட்டுத்தனமா அழுத்தினாலும் ஸ்ருதி ஏறும், அதையும் ஒரு கண்ணு பார்த்துக்கங்க, சின்னப் பசங்க கையில நல்ல கிட்டாரும் அபஸ்வரமா பேசும்.

ஸ்ருதி சேர்க்கறதுன்னதும் இன்னொண்ணு. இந்த 3 கம்பிக்கு வழக்கமான ஸ்ருதி ஜி, டி, ஜி. நம்ம பாஷையில கீழ் ச, ப, மேல் ச. தம்புரா மாதிரி நடுவுல காந்தாரமே இல்லாததால எந்த இடத்துல குறுக்க அழுத்தினாலும் அபஸ்வரம் வராது, பையனுக்கு பத்து நிமிஷத்துல ஏதோ வாசிக்கற மாதிரி தோணும், இதோட பெரிய கவர்ச்சியே அதுதான். தனிக் கம்பி தேட வேண்டாம், சாதாரண 6 கம்பி கிட்டார் செட் ஒண்ணு வாங்கி அதுல 5-வது, 4-வது, 3-வது கம்பியை எடுத்துக்கங்க. 5-வது கம்பி வழக்கமா ஏ, அதை ஜி வரைக்கும் இறக்கணும், மத்த ரெண்டும் அப்படியே. பதிவுல "ஏ, ஈ, ஏ வெச்சிருக்கோம்"னு எழுதியிருக்கீங்க, அதாவது எல்லாத்தையும் ஏத்தி வெச்சிருக்கீங்க, உடனே இறக்கிடுங்க. மூணு கம்பி சேர்ந்தாலே நெக்கை 20 கிலோவுக்கு மேல இழுக்கும், ஆம்ப் இல்லாம வாசிக்கற அகூஸ்டிக் கிட்டார் கம்பின்னா 30 கிலோ தாண்டும், இந்த நெக்குல பெரும்பாலும் உள்ள இரும்புக் கம்பி கிடையாது, வெறும் மரம்தான்.

நெக் வளைஞ்சிருக்கான்னு பார்க்கறதுக்கு கம்பியையே அளவுகோலா வெச்சுக்கலாம். ஒரு கையால முதல் ஃப்ரெட்டை அழுத்துங்க, இன்னொரு கையால கடைசி ஃப்ரெட்டை அழுத்துங்க, நடுவுல 7-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு சந்து இருக்குன்னு பையனைப் பார்க்கச் சொல்லுங்க. விசிட்டிங் கார்டு நுழையற அளவு இருந்தா ஆரோக்கியம். கிரெடிட் கார்டு தாராளமா நுழைஞ்சா வளைஞ்சிருக்கு. அப்பவும் பயப்படாதீங்க, மெல்லிசா எலெக்ட்ரிக் கிட்டார் கம்பி மாட்டினா இழுவை குறைஞ்சு பாதி நிமிர்ந்துடும். மரம் பாப்லரா, மேப்பிளா, ரெட் ஓக்கான்னு கடைக்காரர் பெருமையா சொல்லுவாரு, மூணுலயும் நல்லது இருக்கு, நான் பார்க்கறது ரேகை நேரா நீளவாக்குல ஓடுதா, நடுவுல முடிச்சு இருக்கா, மேல தனியா ஒரு கெட்டி மரப்பட்டை ஒட்டியிருக்காங்களா. 19 மில்லிமீட்டர் கட்டையை ஹார்டுவேர் கடையில வாங்கி அப்படியே போட்டிருந்தா வளையற வாய்ப்பு ஜாஸ்தி, மேல 5, 6 மில்லிமீட்டர் பட்டை ஒட்டியிருந்தா அது ரொம்ப நாள் உழைக்கும்.

நட் உசரம் பார்க்க 3-வது ஃப்ரெட்டை அழுத்திக்கிட்டு முதல் ஃப்ரெட் மேல பாருங்க, கம்பி தொடாம ஒரு பேப்பர் சந்து இருந்தா போதும். அதுக்கு மேல இருந்தா போல்ட்டை எடுத்துட்டு அது உக்கார்ற பள்ளத்தை உப்புத்தாளால தேய்ச்சு ஆழமாக்கணும், ஒரேயடியா தேய்ச்சுட்டா திரும்ப ஏத்தறது கஷ்டம், தேய்ச்சு வெச்சுப் பார்த்து, தேய்ச்சு வெச்சுப் பார்த்துத்தான் போகணும். எலும்பு நட்டா இருந்தா கம்பி உக்கார்ற காடியை அரத்தால இறக்கணும், அதுக்கு நானெல்லாம் வெல்டிங் கடையில விக்கற டார்ச் முனை குத்தற சின்ன அரக் கம்பி செட்டுதான் உபயோகிக்கறேன், சில டாலர்தான்.

அந்தக் கொர்ர் சத்தம். தம்புராவுல கம்பிக்குக் கீழ ஜீவா நூல் வெச்சு நாமளே அந்த ரீங்காரத்தை வரவழைக்கறோம், இங்க அது வியாதி. எல்லா ஃப்ரெட்லயும் சமமா லேசா வந்தா விட்டுடலாம், அழுக்கான ப்ளூஸ் சத்தம்னு இதை விரும்பறவங்களே இருக்காங்க, அதை வேணும்னா குணம்னு ஒத்துக்கறேன். ஒரே இடத்துல அடிச்சா அதுக்கு அடுத்த ஃப்ரெட் எழும்பி நிக்குது. கிரெடிட் கார்டோட நீள ஓரத்தை, இல்ல அகலத்தை, அடுத்தடுத்த மூணு ஃப்ரெட் மேல வர்ற மாதிரி நிக்கவெச்சுப் பாருங்க, தராசு மாதிரி ஆடுச்சுன்னா நடுவுல இருக்கறது உசரம். துணி சுத்தின சின்ன சுத்தியலால மெதுவா தட்டி இறக்கி, ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி மாதிரி இருக்கற சூப்பர் க்ளூ விட்டு அழுத்திப் பிடிச்சா நூத்துக்கு எழுபது கேஸ் அதோட முடிஞ்சுது, நூத்துக்கு எழுபதுங்கறது என் மேஜைக் கணக்குதான். சுத்தி மரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கங்க, க்ளூ வழிஞ்சா அசிங்கமாயிடும், என் முதல் அஞ்சு கிட்டார்ல நாலு அப்படித்தான் அசிங்கமாச்சு.

ஆனா தட்டறதுக்கு முன்னாடி அது ஃப்ரெட்தானான்னு பாருங்க. பெட்டியில கொக்கி, கீல், மூலைத் தகடு, சவுண்ட் ஹோல்ல வெச்ச பித்தளை வளையம், இப்படி ஆடற சாமான் ஒரு டஜன் இருக்கு. கம்பியை மீட்டிக்கிட்டே ஒவ்வொண்ணையும் விரலால அமுக்கிப் பாருங்க, எதை அமுக்கினா சத்தம் நிக்குதோ அதுதான் திருடன். கொக்கிக்கு அடியில ஃபெல்ட் துணி ஒரு துண்டு, ஸ்க்ரூவை ஒரு திருகு. இதுக்கு ரிப்பேர் கடையில 40 டாலர் குடுத்துட்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

ஆம்ப் உறுமறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம், ரெண்டும் வேற வேற வைத்தியம். இந்த விலையில உள்ள இருக்கறது பெரும்பாலும் பீசோ, அதாவது அதிர்வை மின்சாரமா மாத்தற தகடு, 27 மில்லிமீட்டர் பித்தளை வட்டத்துல வெள்ளையா ஒரு செராமிக் ஒட்டியிருக்கும். கம்பியைத் தொட்டா, இல்ல ஜாக்கோட உலோகத்தைத் தொட்டா உறுமல் குறையுதுன்னா கிரவுண்ட் சரியில்ல. மூடியைத் திறந்து பாருங்க, பீசோவோட பித்தளைப் பக்க ஒயர் ஜாக்கோட கிரவுண்ட்ல சேரணும், நடு வெள்ளைப் பக்கம் ஜாக்கோட முனையில. மாத்திச் சேர்த்திருந்தா பித்தளைத் தட்டே ஆண்டெனா ஆயிடும். கிரவுண்ட்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து கம்பி கட்டற உலோகத்துல சேர்த்துட்டா இன்னும் அடங்கும். தொட்டாலும் குறையாம, சத்தத்தை ஏத்த ஏத்த ஊஊன்னு வளருதுன்னா அது ஃபீட்பேக், வெத்துப் பெட்டி ஆம்ப் சத்தத்தை வாங்கி திருப்பி அனுப்புது. ஆம்ப்பை விட்டு தள்ளி உக்காரச் சொல்லுங்க, பெட்டிக்குள்ள கொஞ்சம் ஸ்பாஞ்சு வெச்சுப் பாருங்க, பேஸைக் குறைங்க. பீசோ மேல நீங்களே ஈயம் பத்தவைக்கப் போகாதீங்க, சூடு ரெண்டு செகண்ட் கூடினா செராமிக் செத்துடும், ஒயரோட விக்கறது சில டாலருக்கு கிடைக்குது. அப்புறம் சத்தம் தகரம் மாதிரி இருக்குன்னும் சொன்னீங்க, வால்யூம் குமிழைப் பாருங்க, 250 கே (கிலோ ஓம்) போட்டிருந்தா பேஸ் போயிடும், பீசோவுக்கு 500 கே இல்ல 1 மெகா நல்லது. கிட்டார் ஆம்ப்புக்கு பதிலா வீட்டு கரோக்கி பெட்டியில மாட்டினாலும் இதே தகரச் சத்தம்தான் வரும், அது கிட்டார் தப்பில்ல.

பெட்டியைப் பத்தி கொஞ்சம். போட்டோவுல ஓரத்துல காகிதம் உரிஞ்ச இடத்துல உள்ள செங்கல் நிற மரம் தெரியுது, ஸ்பானிஷ் சீடரா இருக்கலாம். பேருதான் அப்படி, ஸ்பெயின் மரமும் இல்ல, சீடரும் இல்ல, அமெரிக்கக் கண்டத்து மரம், நம்ம வேம்பு, மஹோகனி எல்லாம் சேர்ந்த குடும்பம். அட்டைப் பெட்டி, எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செஞ்ச பலகை) பெட்டியை விட அது சத்தத்துக்கு நல்லது, அகூஸ்டிக்கா வாசிக்கறப்போ நல்லாவே தெரியும், ஆம்ப்ல மாட்டிட்டா அந்த வித்தியாசத்தை நானே கண்ணை மூடிக்கிட்டு கண்டுபிடிப்பேன்னு பந்தயம் கட்ட மாட்டேன். மரத்தை விட முக்கியம், நெக் பெட்டிக்குள்ள ஓடற இடத்துல மூடியைத் தொடாம ரெண்டு மூணு மில்லிமீட்டர் செதுக்கி விட்டிருக்காங்களான்னு. விட்டிருந்தா பிரிட்ஜ் பக்கத்துல விரல் முட்டியால தட்டினா டொம்முனு குடம் மாதிரி பேசும், விடலன்னா டக்குனு கதவைத் தட்டின மாதிரி இருக்கும். இதைச் செஞ்சிருக்காருன்னா செஞ்சவருக்கு விஷயம் தெரியும், நான் ஒரு சிகார் பாக்ஸ் கிட்டாரை எடுத்தா முதல்ல தட்டறதே அதுக்குத்தான். மூடி மேல அளவுகோலை வெச்சு பிரிட்ஜுக்குக் கீழ பள்ளம் விழுந்திருக்கான்னும் பாருங்க, கம்பி அழுத்தம் தாங்காம சில பெட்டி மெதுவா அமுங்கும். "நூறு வருஷப் பழைய பெட்டி"ன்னு யாராவது சொன்னா திருப்பி அடிப்பக்கம் பாருங்க, பழைய பெட்டியில தொழிற்சாலை நம்பரும் வரி முத்திரைத் தடமும் இருக்கும். இருந்தாலும் பெட்டிதான் பழசு, கிட்டார் போன மாசம் செஞ்சதா இருக்கலாம்.

விலை. என் கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஃப்ரெட் இல்லாம ஸ்லைடுக்கு மட்டும் செஞ்சது 100 டாலர் சுமாருக்குக் கிடைக்கும், ஒழுங்கா ஃப்ரெட் போட்டு, ஓரம் கையைக் கீறாம அரம் போட்டு, பீசோ வெச்சது 150-ல இருந்து 250, பேர் வாங்கின ஆளுங்க செஞ்சது 400-க்கு மேல. சாமான் செலவு இதுல பெரிசில்ல, காலிப் பெட்டி சிகார் கடையில சில டாலர், சில சமயம் சும்மாவே குடுப்பாங்க. நீங்க காசு குடுக்கறது ஃப்ரெட் வேலைக்கு, அதுக்குத்தான் நேரம் எடுக்கும். அதனால உங்க 180, மேல சொன்ன அளவு மூணும் சரியா வந்தா நியாயமான விலை, வரலன்னா 80 கூட ஜாஸ்தி.

வராமப் போனாலும் ஒரு வழி இருக்கு. பிரிட்ஜுக்கு அடியில சின்னக் கட்டை வெச்சு, நட்டுக்கு தடிமனா ஒரு போல்ட் போட்டு கம்பியை 12-வது ஃப்ரெட் பக்கம் நாலு அஞ்சு மில்லிமீட்டர் தூக்கிட்டா அது ஸ்லைடு கிட்டார் ஆயிடும். ஃப்ரெட்டெல்லாம் சும்மா கண்ணுக்கு அடையாளக் கோடு, ஸ்லைடை கோட்டுக்குப் பின்னாடி இல்ல, நேர் மேல வெக்கணும்னு மட்டும் பையனுக்கு சொல்லிக் குடுங்க. அப்ப நீங்க சந்தையில கேட்ட அதே சத்தம் வீட்டுலயும் வரும்.

இன்னைக்கே செய்யணும்னா முதல்ல கம்பியை ஜி, டி, ஜி-க்கு இறக்குங்க, பிரிட்ஜைத் தொடாம நட்ல இருந்து 5, 7, 12-வது ஃப்ரெட் வரைக்கும், அப்புறம் நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும், நாலு நம்பரை மில்லிமீட்டர்ல அளந்து இங்கயே கீழ எழுதுங்க. அதைப் பார்த்துட்டு பிரிட்ஜை எங்க வெக்கணும், இல்ல வித்தவர்கிட்ட என்ன சொல்லித் திருப்பிக் கேக்கணும்னு சொல்றேன். வாரக் கடைசியிலதான் பதில் போட முடியும், ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுடுங்க.